இரண்டு பேருக்கு ஒரு மூக்கு

கப்பலில் ஏறுவதற்கு முன்னால் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள் என்று மகள் போனில் சொன்னதும் இரும்பு சிரித்தே விட்டான்.

"பாத்துட்டுப் போகட்டும்மா. என் மூக்குல என்ன தங்கமா இருக்கு?"

"விளையாடாதீங்கப்பா. கொரோனா இருக்கான்னு பாப்பாங்க. கப்பல் கிளம்புறதுக்கு முந்தின ரெண்டு நாளுக்குள்ள எடுத்த ரிப்போர்ட்தான் செல்லும். நீங்க, அம்மா, மாமா, அத்தை நாலு பேரும் ஒண்ணாப் போய்க் குடுத்துட்டு வந்துடுங்க. யாருக்காவது இருக்குன்னு வந்துச்சு, அவங்க வீட்டோடதான்."

"எனக்கா? எனக்கு எதும்மா வந்திருக்கு இதுவரைக்கும்?"

அப்படிக் கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலம் முழுக்க அவன் ஒரு நாள்கூடக் காய்ச்சலென்று படுத்ததில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள ரசீதோடு சரி, கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் அவன் இரும்புதான். கொரோனா ஊரையே புரட்டிப் போட்டபோதும் அவன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "வாசல் வரைக்கும் வந்துச்சு. இந்த ஆளுகிட்ட நம்ம பருப்பு வேகாதுன்னு திரும்பிப் போயிடுச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கப்பல் பயணம் பிள்ளைகள் செய்த ஏற்பாடு. இரும்பின் மகளைக் கட்டியிருப்பது மேஸ்திரியின் மகன். மேஸ்திரி என்றால் துறைமுகத்தில் இரும்பின் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். சம்பந்தியான பிறகு நாலு பேர் நடுவில் அவர் இரும்பை "வாங்க சம்பந்தி" என்பார். ஆள் இல்லாத இடத்தில் பழையபடி "டேய்" தான். இரும்புக்கும் அதுதான் வசதி. "வாங்க" என்று சொன்னால் அவனுக்கு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

"நீங்க உழைச்சது போதும், ஒரு வாரம் கடல்ல போய் ராஜா மாதிரி இருந்துட்டு வாங்க" என்று பிள்ளைகள் நாலு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். பெரிசுகள் நாலும் ஒரு வாரம் போனும் வரவும் இல்லாமல் இருந்தால் தங்கள் வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவர்கள் மனசுக்குள் போட்ட கணக்கு தனி.

இரும்புக்குக் கப்பல்மேல் பெரிய ஆசை கிடையாது. அவனைப் பொறுத்தவரை கப்பல் என்பது எவ்வளவு மூட்டை போட்டாலும் நிறையாத ஓர் இரும்பு வயிறு. பார்த்தாலே தோள் வலிக்கும். ஆசையெல்லாம் அவன் பெண்டாட்டிக்குத்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது துறைமுக வாசலில். காவல்காரன் அந்த இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளை ஒரு நாளும் விட்டதில்லை. கிடங்குக் கூரைக்கு மேலே புகைபோக்கி தெரியும். அதுதான் அவளுக்குத் தெரிந்த கப்பல்.

"புகை விடுறதையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. அதுக்குக் கீழ என்னதான் வச்சிருக்கானுங்கன்னு நான் பாக்கணும்" என்றாள். டிக்கெட் வந்த அன்றே பெட்டியை எடுத்து நடுவீட்டில் திறந்து வைத்துவிட்டாள். அப்புறம் எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார்கள். அவள் துணி வெளுக்கும் லாட்ஜின் மேனேஜர், ஒரு வாரம் லீவா என்று முறைத்தபோது, "வேற ஆளப் போட்டா போட்டுக்க. போர்வையில எந்தக் கறை எதுல போகும்னு அவளுக்கு நீயே சொல்லிக் குடு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளிடம் போய் இப்போது கப்பல் இல்லை என்று சொல்வதைவிட, கப்பலை முதுகில் தூக்கிக்கொண்டு நீந்துவது சுலபம்.

சோதனைக்கு நாள் நெருங்கும்போது மேஸ்திரிக்கு இருமல் வந்தது. இருமல் அவருக்குப் புதுசில்லை. பெட்டி பெட்டியாகச் சிகரெட் ஊதிய நெஞ்சு. ஆனால் இந்தத் தடவை அவர் ஒவ்வொரு இருமலுக்கும் பயந்து பயந்து வாயைப் பொத்தினார். பொத்தப் பொத்த அது மூக்கு வழியாக வெடித்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில், இரண்டு தகர அறைகளை வைத்துச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. எல்லாரும் கப்பலுக்குப் போகிறவர்கள். வெயில் கண்ணாடியும் பூப்போட்ட சட்டையுமாக, ஏற்கெனவே கப்பலில் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி ஒரு தடவை இருமினார். வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

"போங்க சார், நீங்க முன்னாடி போங்க" என்றார் பூப்போட்ட சட்டைக்காரர் ஒருவர்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. தூசி" என்றார் மேஸ்திரி.

"தூசியோ மாசியோ, முன்னாடி போங்க."

பெண்கள் இருவரும் முதலில் போய் முடித்துவிட்டு, தண்ணீர் வாங்கப் போனார்கள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி இரும்பின் கையைப் பிடித்துத் தகர அறைக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"டேய் இரும்பு. பழைய மாதிரி ஒரு கை குடுடா."

"எதைத் தூக்கணும் மேஸ்திரி?"

"தூக்க ஒண்ணும் இல்ல. மூக்கு."

இரும்புக்கு உடனே புரிந்தது. அவர்கள் கூட்டத்தில் இருந்த யாருக்கும் புரிந்திருக்கும்.

துறைமுகத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை உடம்புச் சோதனை உண்டு. ஆளுக்கொரு சின்ன டப்பாவைக் கொடுத்துக் கழிவறைக்கு அனுப்புவார்கள். மேஸ்திரியின் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குச் சாராயம். தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் அன்றோடு வேலை காலி. அதனால் எல்லா டப்பாவும் இரும்பின் கைக்கு வந்துவிடும். அவன் எழுந்ததிலிருந்து அடக்கி வைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு டப்பாவுக்கும் பங்கு வைப்பான். மேஸ்திரி கழிவறை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்று, "குடிடா, குடிடா, இன்னும் ஆளு பாக்கி இருக்கு" என்று அவசரப்படுத்துவார். இப்படியே ஒரு கூட்டமே இரும்பின் மூத்திரத்தில் குடும்பம் நடத்தியது. ஒரு வருஷம் மட்டும் அவன் முந்தின நாள் பீட்ரூட்டை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, அத்தனை பேர் டப்பாவும் சிவப்பாகப் போய், டாக்டர் அலறிப்போய் மொத்தக் கூட்டத்தையும் ஸ்கேனுக்கு அனுப்பினார். அன்றைக்குச் சரக்கேற்ற ஆளில்லாமல் ஒரு கப்பலே காத்துக் கிடந்தது. அதிலிருந்து சோதனைக்கு முந்தின நாள் இரும்பு என்ன சாப்பிட வேண்டும் என்பதை மேஸ்திரிதான் முடிவு செய்வார்.

"அது வேற மேஸ்திரி, இது வேற" என்றான் இரும்பு.

"என்னடா வேற? மேல இருந்து வந்தா என்ன, கீழ இருந்து வந்தா என்ன? உன் ஒடம்புல இருந்து வர்றது எல்லாமே சுத்தம்."

"பக்கத்துல ஆளு நின்னு பாப்பாங்களே."

"எங்க பாக்குறா? ஒரே ஒரு பொண்ணு. அது குழாயைக் குடுத்து உள்ள அனுப்பிட்டு அடுத்த ஆளுகிட்ட கத்திக்கிட்டு இருக்கு. நடுவுல இருக்குறது துணித் திரைதான். கீழ தள்ளி விடுறேன், வாங்கிக்க." மேஸ்திரியின் குரல் தணிந்தது. "எனக்காக இல்லடா. உன் சம்பந்தியம்மா தொப்பி வாங்கி வச்சிருக்கா. நான் இருமிக் கெடுத்தேன்னு வச்சுக்க, சாகுற வரைக்கும் அந்தத் தொப்பிய என் கண்ணு முன்னாடி மாட்டி வச்சே கொன்னுடுவா."

வேலை பார்த்த காலத்தில் மேஸ்திரி சொல்லி இரும்பு மறுத்ததே இல்லை. தூக்கு என்றால் தூக்குவான், இறக்கு என்றால் இறக்குவான். இப்போதும் தலையை ஆட்டினான்.

நீல அங்கி போட்ட பெண் ஆளுக்கொரு குழாயில் பெயரை ஒட்டி, ஒரு குச்சியோடு கொடுத்தாள். "நீங்களே எடுக்கணும். ரெண்டு மூக்குலயும் விட்டு நல்லா சுத்துங்க. மூளை வரைக்கும் போக வேணாம். முடிச்சுட்டு மூடி போட்டு இந்தத் தட்டுல வைங்க. அடுத்து!"

இருவரும் அடுத்தடுத்த தடுப்புக்குள் போனார்கள். திரைக்கு அடியில் மேஸ்திரியின் கை வந்தது. அதில் குழாயும் குச்சியும். இரும்பு கொஞ்சம் யோசித்தான். ஒரே ஓட்டையில் இரண்டு குச்சி விடுவது நியாயமாகப் படவில்லை. இடது மூக்கைத் தனக்கும் வலது மூக்கை மேஸ்திரிக்கும் ஒதுக்கினான். வலதுதான் சற்றுப் பெரிய ஓட்டை. பெரியவருக்குப் பெரியது. கண்ணில் தண்ணீர் வரச் சுத்தி எடுத்து, மூடி போட்டு, திரைக்கு அடியில் திருப்பிக் கொடுத்தான்.

"பலே" என்று திரைக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டது. கூடவே ஓர் இருமல்.

அன்று சாயங்காலம் அவன் பெண்டாட்டி அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனாள். இறங்கி வந்தபோது வீடெல்லாம் புகை, பாத்திரம் கரி. இரும்பு அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீஞ்சு நாறுது, மூக்கு செத்தா போச்சு?" என்று கத்தினாள்.

"ஒண்ணும் நாறலையே" என்றான் அவன். சொன்ன பிறகுதான் அவனுக்கே சந்தேகம் வந்தது. கரிந்த பாத்திரத்தை எடுத்து முகத்தருகே வைத்து இழுத்துப் பார்த்தான். வெறும் காற்று. வெங்காயத்தை வெட்டி இழுத்தான். காற்று. கழற்றிப் போட்ட தன் பனியனை எடுத்து முகர்ந்தான். எந்தக் கொம்பனையும் சாய்க்கும் அந்தப் பனியனிலும் வெறும் காற்று.

அப்போது மகள் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. "அப்பா... உங்களுக்கு இருக்குன்னு வந்திருக்கு. மாமாவுக்கும் இருக்கு. அம்மாவுக்கும் அத்தைக்கும் இல்ல."

அவன் பெண்டாட்டி போனையே பார்த்தாள். பிறகு நடுவீட்டில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். பின் அறைக் கதவைக் கைகாட்டினாள். இரும்பு, துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டாமல் விட்டதுதான் அவனை அறுத்தது.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். மேஸ்திரி கையில் மருந்துக்கடையில் வாங்கிய சோதனைப் பட்டையை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"ஒரு கோடு! பாத்துக்க, ஒரே ஒரு கோடு! எனக்கு ஒண்ணுமே இல்ல. இது வெறும் இருமல்!" கதவுக்கு அந்தப் பக்கம் நின்று குதித்தார். "உன் மூக்க நம்பி என் மூக்க விட்டேனேடா, படுபாவி!"

"மூக்க நம்பியா? என்ன மூக்க நம்பி?" என்றார் மேஸ்திரியம்மா.

அதற்குமேல் மறைக்க வழியில்லை. கதவுக்கு உள்ளேயிருந்து இரும்பு பாதி சொன்னான், வெளியேயிருந்து மேஸ்திரி மீதியைச் சொன்னார். கேட்டு முடித்த மேஸ்திரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"கட்டின நாள்ல இருந்து சொந்தமா ஒண்ணு செஞ்சிருக்கியாய்யா நீ? மூக்கு நோண்டக்கூடவா ஆள் வைக்கணும்?"

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? போன எடு. கப்பல்காரன்கிட்ட உள்ளதச் சொல்றேன். அது என் மூக்கு இல்ல, இந்தா என் மூக்கு, மறுபடி பாருன்னு சொல்றேன்."

"இருங்க அண்ணே" என்றாள் இரும்பின் பெண்டாட்டி. அதுவரை வாயைத் திறக்காதவள். "முதல்ல நான் பேசுறேன்."

கப்பல் கம்பெனியின் உதவி எண்ணை அடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டாள். மறுமுனையில் ஒரு பையன் குரல், மனப்பாடமான மரியாதையோடு.

"ரிப்போர்ட்ல இருக்குன்னு வந்தவங்க ஏற முடியாதும்மா. அப்புறம் எடுத்ததுல இல்லைன்னு வந்தாலும் இந்தப் பயணத்துக்குச் செல்லாது."

மேஸ்திரியின் கையிலிருந்த பட்டை மெல்ல இறங்கியது.

"சரிப்பா. வீட்டுக்காரருக்கு இருக்கு, எனக்கு இல்லைன்னு வந்திருக்கு. நான் ஏறலாமா?"

"நீங்க அவரோட ஒரே வீடா?"

"வேற எங்க போறது?"

"ஒரே அறையில தூங்குறீங்களா?"

"அந்த ஆளு குறட்டை விடுவாரு. அவரு ஒரு ரூம், நான் ஒரு ரூம். பக்கத்துல போயே வருஷக்கணக்கு ஆச்சுப்பா."

பையன் தொண்டையைச் செருமினான். "அது... அந்த அளவுக்குத் தேவையில்லம்மா. தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தா, ஏறுற அன்னிக்குக் கப்பல் மேடையில மறுபடி ஒரு சோதனை எடுப்பாங்க. அதுலயும் இல்லைன்னா ஏறலாம். இருந்தா திரும்பிப் போகணும்."

"சரி. இன்னொண்ணு, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒருத்தர் மூக்குக்குப் பதிலா இன்னொருத்தர் மூக்கக் காட்டியிருந்தா?"

"அப்படி யாரும் செய்ய மாட்டாங்கம்மா."

"பேச்சுக்குத்தானப்பா."

"செஞ்சது தெரிஞ்சா, அந்த டிக்கெட்ல இருக்கிற எல்லாரோட பயணமும் ரத்தும்மா."

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். மேஸ்திரிதான் முதலில் அசைந்தார்.

"அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? பெரிய ஆளு யாராவது இருப்பான். கப்பலுக்கும் நமக்கும் எத்தனை வருஷப் பழக்கம்? எடுத்துச் சொன்னா கேப்பான். போனக் குடும்மா." சொல்லிக்கொண்டே மேசைமேல் இருந்த போனை எடுத்துவிட்டார். "எனக்கு நோயே இல்ல. நான் எதுக்கு வீட்டுல கிடக்கணும்?"

"ஐயோ, நாங்க ரெண்டு பேரு போறதும் கெட்டுடும்யா!" என்று மேஸ்திரியம்மா கையை நீட்டினார். மேஸ்திரி போனை உயரத் தூக்கிக்கொண்டார்.

பின் அறைக் கதவு திறந்தது. மூக்கிலும் வாயிலும் துண்டு கட்டிய இரும்பு வாசற்படியில் நின்றான். அங்கிருந்து ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் கதவுச் சட்டம் முழுக்க அவன்தான் நின்றான்.

"மேஸ்திரி. போன வைங்க."

"உள்ள போடா. உனக்கு நோய்."

"போன வைங்க மேஸ்திரி."

"யாருகிட்டடா பேசுற? நான் சொல்லி நீ..."

"வைடா!"

அந்த ஒரு 'டா' வீட்டுக்குள் விழுந்த சத்தம், மேலேயிருந்து மூட்டை அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. சொன்ன இரும்புக்கே காது அடைத்தது. மேஸ்திரியின் வாய் திறந்தபடி நின்றது. அவர் கை தன்னாலே இறங்கிப் போனை மேசையில் வைத்தது.

"அவங்க போகட்டும்" என்றான் இரும்பு, துண்டுக்குள்ளிருந்து. "நம்ம ரெண்டு பேரும் செஞ்ச கோணல் வேலைக்கு நம்ம ரெண்டு பேரும் கிடப்போம்."

அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்தாள். "உள்ள போங்க. காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்றாள். குரலில் பழைய எரிச்சல் திரும்பியிருந்தது. இரும்புக்கு அதைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது.

பயணத்தன்று காலையில் மகளும் மருமகனும் கார் கொண்டுவந்தார்கள். மருமகன் வாசலில் நின்றே, தனி ஆட்டோவில் வரவழைத்திருந்த தன் அப்பாவிடம் சொன்னான். "ரெண்டு பேருக்கும் இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் சாப்பாடு குடுத்துக்கிட்டு அலைய முடியாது. இங்கயே ஒண்ணா இருங்கப்பா."

மேஸ்திரி வாயைத் திறந்தார். எனக்கு இல்லை என்று சொன்னால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு, முகத்தில் இரண்டு முகமூடியை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, உண்மையான நோயாளி இருக்கும் வீட்டுக்குள் பலியாடு மாதிரி நுழைந்தார். பெண்கள் பெட்டிகளோடு காரில் ஏறினார்கள். மேஸ்திரியம்மா தொப்பியை வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். காரின் கூரை இடித்தும் கழற்றவில்லை.

பிறகு காத்திருப்பு. இரும்பு பின் அறைக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். மேஸ்திரி எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, வாசல் கதவுக்கு வெளியே பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார். மகள் ஒரு தடவை போன் செய்தாள். அத்தைக்கு இல்லை என்று வந்துவிட்டதாம். அம்மாவுக்கு இன்னும் முடிவு சொல்லவில்லையாம். தனியாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

இரும்பு அந்த நாற்காலியை நினைத்துப் பார்த்தான். தான் விட்ட மூச்சில் ஒரு துளி அவள்மேல் ஒட்டியிருந்தால் போதும். ஒரே குழம்புக் கரண்டி, ஒரே வாளி, ஒரே கதவுத் தாழ்ப்பாள். இத்தனை காலம் மூட்டையும் பெட்டியும் தூக்கியதெல்லாம் சுமையே இல்லை என்று தோன்றியது.

"ஏன்டா, அவளுக்கும் இருந்துட்டா?" என்றார் மேஸ்திரி.

"வாய மூடுங்க மேஸ்திரி."

துறைமுகத்தின் பக்கமிருந்து கப்பல் ஊதும் சத்தம் வந்தது. நீளமாக ஊதியது. இரும்பு எழுந்து நின்றான். போன் பேசாமல் கிடந்தது. மறுபடி ஊதியது. மேஸ்திரியும் எழுந்து நின்றார், இரண்டு முகமூடியையும் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு.

போன் அடித்தது. இரும்பு எடுத்ததும் காற்றின் இரைச்சல்தான் முதலில் கேட்டது. அப்புறம் அவள் குரல், கத்தலாக.

"ஏறிட்டேன்! கேக்குதா? ஏறியாச்சு!"

"எங்க இருக்க?"

"மேல! அண்ணியோட தொப்பி பறந்து தண்ணில விழுந்துடுச்சு. அழுதுகிட்டு இருக்காங்க. சிரிக்கவும் செய்யுறாங்க. இங்க வந்து பாக்கணும் நீங்க, எவ்வளவு பெரிசு தெரியுமா இது! படிக்கட்டு, அதுக்கு மேல படிக்கட்டு, உள்ளயே நீச்சல் குளம் வச்சிருக்கான். கடல்ல போற கப்பலுக்குள்ள எதுக்குங்க குளம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் மூட்டை போடுற ஓட்டை வரைக்கும்தான் போயிருக்கேன்."

"ஆங்? காத்துல ஒண்ணும் கேக்கல. யாரோ ஜூஸ் குடுக்குறாங்க. வச்சிடுறேன்!"

போன் நின்றது. மேஸ்திரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மளப் பத்தி என்னடா கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல."

"சாப்பிட்டோமான்னுகூடவா?"

"ம்ஹூம்" என்றான் இரும்பு. துண்டுக்குள்ளே அவன் சிரித்தது மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி கொஞ்ச நேரம் வாசலையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, இரண்டு முகமூடியையும் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார்.

"பேப்பர்ல இருக்குறதுதான எனக்கு. நிஜமாவே வந்துட்டுப் போகட்டும். இரும்பு, ஒரு டீ போடுடா."

"நோயாளி போட்ட டீய எவனாவது குடிப்பானா?" என்றான் இரும்பு, கதவுக்கு உள்ளேயிருந்து. "எந்திரிங்க. அடுப்பு அந்தப் பக்கம் இருக்கு. எனக்குச் சர்க்கரை தூக்கலா."

மேஸ்திரி முறைத்தார். எழுந்தார். கொஞ்ச நேரம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"டீத்தூள் எதுடா?" என்று குரல் வந்தது. "எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கு."

"மோந்து பாருங்க மேஸ்திரி" என்றான் இரும்பு. "உங்க மூக்கு நல்லாத்தான இருக்கு."